மட்டக்களப்பில் மொடல் ரயில் கடை தேடிய ஒரு குடும்பம்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்புப் புகையிரத நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு வீடு. வீட்டுப் பெரியவருக்கு வயது 69. மாகோ – மட்டக்களப்புப் பாதையின் சிறு நிலையங்களில் முப்பது வருடத்துக்கு மேல் பொயின்ற்ஸ் வேலை (ரயிலை ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதுக்குத் திருப்பிவிடுவது) பார்த்து ஓய்வுபெற்றவர். மகளின் மகனுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. நான் அவர்களுடைய அயலவன். தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் மின்னியல் படிப்பித்தவன். அதனால்தான் இந்த விடயத்துக்குள் இழுக்கப்பட்டேன்.

மாமாங்கேஸ்வரர் கோயில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஜேர்மனியிலிருந்து வந்த உறவினர் ஒருவர், மார்க்லின் என்ற ஜேர்மன் நிறுவனத்தின் பழைய மொடல் ரயில் செற் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்து பையனிடம் கொடுத்தார். மூன்று சோடிச் சக்கரமுள்ள சிறிய கறுப்பு எஞ்சின், நான்கு பெட்டிகள், தகரத்தில் அச்சடித்த அடித்தளத்தோடு கூடிய தண்டவாளத் துண்டுகள், நீல நிற இரும்புப் பெட்டிக்குள் ரான்ஸ்போமர். பன்னிரண்டு வளைவுத் துண்டுகளைப் பூட்டினால் 360 மில்லிமீற்றர் ஆரையில் ஒரு முழு வட்டம் வரும். மூன்று பின்னேரங்கள் அது விறாந்தையில் ஓடியது. நான்காம் நாள் நின்றுவிட்டது.

அதற்குள் பெரியவரின் மனம் வேறு இடத்துக்குப் போயிருந்தது. தான் வேலை செய்த பாதையைப் பேரனுக்குச் செய்து காட்டவேண்டும் என்றார். ஓட்டமாவடியில் ரயிலும் பஸ்ஸும் ஒரே பாலத்தால் போன காலம் அவருக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. கேற்றை மறித்ததும் பஸ் எஞ்சினை நிறுத்திவிட்டு றைவர் இறங்கி வந்து கதைப்பதும், பாலத்தின் பலகைச் சத்தமும் அவர் சொல்லச் சொல்லப் பையன் கொப்பியில் கீறிக்கொண்டான். அந்தக் கொப்பிதான் இந்தக் கதையின் உண்மையான தொடக்கம். கடை தேடல் அதற்குப் பிறகுதான் வந்தது.

என்னிடம் வருவதற்கு முன் நடந்தது

செற் நின்றதும் வீட்டில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, எஞ்சினின் பல்லுச் சக்கரங்களுக்குத் தேங்காயெண்ணெய் விட்டார்கள். மற்றது, கொழும்பிலிருந்த ஒரு சொந்தக்காரரிடம் சொல்லிப் புதிய எஞ்சின் ஒன்று வாங்குவித்தார்கள். பெட்டியில் எச்ஓ என்று இருந்தது. பழைய செற்றும் எச்ஓதான். கடைக்காரரிடம் கேட்டதற்கு, "எச்ஓ எல்லாம் ஒண்டுதான், எந்தத் தண்டவாளத்திலயும் ஓடும்" என்றாராம்.

எச்ஓ என்பது 1:87 என்ற அளவை மட்டும் சொல்லும் பெயர். தண்டவாள அகலம் 16.5 மில்லிமீற்றர் என்பதும் இரண்டுக்கும் பொது. மின்சாரம் எப்படி எஞ்சினுக்குள் போகிறது என்பதை அந்தப் பெயர் சொல்லாது. மார்க்லினில் இரண்டு தண்டவாளமும் ஒரே முனை. மற்ற முனை சிலிப்பர் கட்டைகளின் நடுவே சின்னச் சின்னக் குமிழ்களாக நிற்கும், எஞ்சினின் அடியில் உள்ள நீளமான தகடு அதை உரசிக்கொண்டு போகும். அதில் ஓடுவது ஆடலோட்டம் (ஏசி), 16 வோல்ற்று வரை. கொழும்பிலிருந்து வந்த எஞ்சினோ இரண்டு தண்டவாள முறைக்குரியது: இடது சக்கரம் ஒரு முனை, வலது சக்கரம் மற்ற முனை, 12 வோல்ற்று நேரோட்டம் (டிசி).

அதை மார்க்லின் தண்டவாளத்தில் வைத்தபோது அசையவில்லை. இரண்டு சக்கரமும் ஒரே முனையில் நிற்கும்போது அசைய வழியே இல்லை. தான்தான் ஏதோ உடைத்துவிட்டேன் என்று பையன் பயந்துவிட்டான். வீட்டுக்கு வந்துபோகும் ஒரு இளைஞர் உதவி செய்யும் எண்ணத்தோடு நீல ரான்ஸ்போமரிலிருந்து இரண்டு வயர் எடுத்து நேரே எஞ்சினின் சக்கரங்களில் பிடித்தார். நிலைக் காந்தமுள்ள மோட்டர் ஆடலோட்டத்தில் சுற்றாது. இரண்டு பக்கமும் மாறி மாறி இழுபட்டு நடுங்கும், சூடாகும். அரை நிமிடத்தில் மணம் வந்தது. அந்த எஞ்சினின் மோட்டர் அதோடு போய்விட்டது.

பெரியவர் என் வீட்டுக்கு வந்தது அடுத்த நாள் காலையில். "தம்பி, இனி ஒரு சாமான் வாங்க முதல் கடையைப் பார்த்து வாங்கவேணும். எந்தக் கடை நல்லதெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற?" என்று கேட்டார்.

தேடல் தொடங்கும்போது

மொடல் ரயிலுக்கென்று தனியாக ஒரு கடையை நான் மட்டக்களப்பில் கண்டதில்லை. அம்பாறை மாவட்டத்தில் ரயில் பாதையே இல்லை. கல்முனை ஆட்கள் ரயில் ஏற மட்டக்களப்புக்குத்தான் வரவேண்டும். ஆகவே "ரயில் கடை எங்கே" என்ற கேள்வியை விட்டுவிட்டு, எங்களுக்கு எந்தெந்தச் சாமான் தேவைப்படும், பழுதானால் யார் கையில் கொடுப்போம் என்று ஒரு தாளில் எழுதினோம். எழுதி முடித்தபோது அது நான்கைந்து கடைகளின் பட்டியலாகிவிட்டது.

ஒவ்வொரு கடைக்கும் ஒரே பையைக் கொண்டுபோவது என்று தீர்மானித்தோம். உள்ளே 9 வோல்ற்றுப் பற்றரி ஒன்று, மல்ரிமீற்றர், இரும்பு அடிமட்டம், சிறிய காந்தம். காந்தம் எதற்கென்று பையன் கேட்டான். தண்டவாளம் மஞ்சளாக இருந்தால் பித்தளை. வெள்ளையாக இருந்தால் நிக்கல் சில்வராகவும் இருக்கலாம், உருக்காகவும் இருக்கலாம். காந்தம் ஒட்டினால் உருக்கு. வாவியும் கடலும் இரண்டு பக்கமும் உள்ள ஊரில் உருக்குத் தண்டவாளம் துருப்பிடிக்க ஒரு மாரி போதும். பித்தளையில் படியும் ஒக்சைட்டு மின்சாரத்தைத் தடுக்கும்; அதை அடிக்கடி துடைத்தால்தான் ஓடும். நிக்கல் சில்வரிலும் படிவு வரும், ஆனால் அது அவ்வளவு தடை செய்யாது. இதைச் சொன்ன பிறகு காந்தம் பையனின் பொக்கற்றை விட்டு இறங்கவில்லை.

மட்டக்களப்பும் காத்தான்குடியும்

முதலில் நகரத்துக்குள் இருந்த பெரிய விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். மூன்று வகை ரயில் இருந்தது. மூன்றுமே பற்றரி எஞ்சினுக்குள்ளேயே இருக்கும் பிளாஸ்ரிக் வகை. தண்டவாளம் வழிகாட்டுவதற்கு மட்டும். பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டோம். வேலைக்கு நின்ற பையன் முதலாளியைப் பார்த்தான், முதலாளி தலையாட்டவில்லை. சீல் உடைந்தால் விற்கமுடியாது என்றார்கள். அது அவர்கள் தொழிலுக்கு நியாயமான பதில், அதனால் அந்தக் கடையைக் கெட்ட கடை என்று நாங்கள் எழுதவில்லை. எங்கள் தேவைக்குப் பொருந்தாது என்று மட்டும் குறித்துக்கொண்டோம்.

காத்தான்குடியில் ஒரு பான்சிக் கடை. அங்கேயும் அதே மாதிரிச் சாமான்தான். ஆனால் முதலாளி பெரியவரை இருக்கச் சொல்லிவிட்டு, கொப்பியில் பையன் கீறியிருந்த பாலத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு, "ஐயா, இது புள்ளைகள் ரெண்டு நாள் விளையாடுற சாமான். நின்டா திருத்த ஏலா. நீங்க கேக்கிற வேலைக்கு இது சரிவராது" என்றார். தனக்குத் தெரிந்த ரேடியோ திருத்துபவர் ஒருவரின் இடத்தையும் சொன்னார். அந்த மனிதருடைய கடை எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது! அத்தனை வருடமும் அந்தப் பலகையைக் கடந்து போயிருக்கிறேன்.

தன் கையிலிருக்கும் சாமான் உனக்குச் சரிவராது என்று சொல்லி வேறு ஆளிடம் அனுப்பும் கடைக்காரர் சொல்வதை நம்பலாம். அன்றைக்கு அவரிடம் நாங்கள் ஒரு ரூபாய்க்கும் வாங்கவில்லை. பின்னால் பாலத்துக்கான சின்ன விளக்குகள், நூல், பசை எல்லாம் வாங்கப் போனது அவரிடம்தான்.

ரேடியோ கடை

ஆறடி அகலமான கடை. கூரை வரை பழைய ரேப் ரெக்கோடர்களும் மிக்ஸிகளும். திருத்துபவருக்கு மொடல் ரயில் பற்றி எதுவும் தெரியாது. அதை முதலிலேயே சொன்னார். மார்க்லின் எஞ்சினைக் கையில் வாங்கிச் சக்கரத்தை விரலால் உருட்டப் பார்த்தார். உருளவில்லை. "இதுக்க எண்ணெய் காய்ஞ்சு பிசினாப் போய்க் கிடக்கு" என்றார்.

காரணம் அதுதான். பல வருடம் பெட்டிக்குள் கிடந்த பழைய எண்ணெய் இறுகியிருந்தது. மூன்று நாள் ஓடியபோது சூட்டில் இளகி ஓடியது, பிறகு பிடித்துக்கொண்டது. மேலே விட்ட தேங்காயெண்ணெய் தூசியோடு சேர்ந்து அதை இன்னும் கெட்டியாக்கிவிட்டது. அவர் எஞ்சினைக் கழற்றும்போது ஒவ்வொரு திருகாணியையும் ஒரு பழைய வெள்ளைத் துணியில் கழற்றிய ஒழுங்கிலேயே வைத்தார். பையனைப் பக்கத்தில் இருக்க விட்டார். இந்த இரண்டையும் நான் பெரிதாக மதிக்கிறேன். திரும்பப் பூட்டத் தெரிந்த ஆள்தான் கழற்றும்போது ஒழுங்கு பார்ப்பார்.

மோட்டருக்குள் ஒரு பக்கம் கரித்துண்டு, மறுபக்கம் செப்பு வலையைச் சுருட்டிச் செய்த துண்டு. கரி தேய்ந்து ஸ்பிரிங் மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு பழைய றில் மெசினின் கரியை அரத்தால் அராவி, அந்தக் குழலுக்குள் தடையில்லாமல் போய்வரும் அளவுக்குக் கொண்டுவந்தார். ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. கழுவுவதற்குப் பாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றை நான் எடுத்துப் போயிருந்தேன். அதில் எண்ணெய் கலந்திருக்கும், படிவு விடும் என்று அதை ஒதுக்கிவிட்டு, தன்னிடமிருந்த ஐசோபுரோபைல் அற்ககோலை எடுத்தார். அந்த இடத்தில் அவர் எனக்கு ஆசிரியர். கடைசியில் தையல் மெசின் எண்ணெய், ஊசி நுனியால் ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு துளி.

எஞ்சின் ஓடியது. பெரியவர் எதுவும் பேசாமல் வெளியே போய் நின்றார்.

ரான்ஸ்போமர் பற்றியும் அங்கேதான் முடிவெடுத்தோம். அது 220 வோல்ற்றுக்குச் செய்தது, எங்கள் வீடுகளில் 230. அந்த வித்தியாசத்தால் பழைய எஞ்சினுக்கு ஆபத்தில்லை, கொஞ்சம் வேகம் கூடும், அவ்வளவுதான். எனக்குப் பயம் கொடுத்தது வயர். இறப்பர் உறை வளைத்தால் வெடித்தது, பெட்டியோ இரும்பு. உள்ளே நுழையும் வயரை முழுதாக மாற்றினோம். அப்படியிருந்தும் பெரியவர் பக்கத்தில் இல்லாமல் பையன் அதைப் பிளக்கில் போடக்கூடாது என்று சொன்னேன்.

கல்முனை

கல்முனையில் ஹொபி என்று பலகையில் எழுதிய ஒரு கடை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பஸ்ஸில் போனோம். ரிமோட் கார், ட்ரோன், லித்தியம் பற்றரி, பித்தளைக் குழாய், சின்ன கியர் மோட்டர்கள். ரயில் இல்லை. கடை இளைஞருக்கு முப்பது வயது இருக்கும். ரயில் பற்றித் தெரியாது என்றார், ஆனால் கருகிய எஞ்சினைக் கழற்றி மோட்டரின் நீளம், அச்சின் விட்டம், முழு வோல்ற்றில் எவ்வளவு அம்பியர் இழுக்கும் என்று கேட்கத் தொடங்கினார். சரியான கேள்விகள். அளந்து பார்த்து 12 வோல்ற்று மோட்டர் ஒன்றை எடுத்து, மேசையிலேயே எங்கள் பற்றரியில் ஓடவிட்டுக் காட்டினார். அச்சு கொஞ்சம் தடிப்பம், பழைய உருளைப் பல்லு ஏறாது என்பதையும் விற்க முதலே சொன்னார்.

வாங்கவில்லை. அடுத்த கிழமை சரியான அச்சோடு ஒன்று வருவித்து வைப்பதாகச் சொன்னார். வருவித்தும் வைத்தார்.

கொழும்பு

தண்டவாளமும் பொயின்ற்ஸும் மட்டக்களப்பில் கிடைக்காது என்பது அதற்குள் தெளிவு. இரவு ரயிலில் பெரியவரும் பையனும் நானும் கொழும்புக்குப் போனோம். பையனுக்கு அந்தப் பயணமே பாதிப் பாடமாகிவிட்டது. வாழைச்சேனை, புணானை, வெலிகந்தை என்று ஒவ்வொரு நிலையத்திலும் பெரியவர் அவனை எழுப்பி எதையாவது காட்டிக்கொண்டே வந்தார்.

புறக்கோட்டையில் முதலில் நுழைந்த கடை பெரியது, குளிரூட்டி போட்டது. கண்ணாடி அலுமாரிக்குள் அழகான செற்றுகள். ஒரு பெட்டியின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ் என்று இருந்தது. அமெரிக்கச் சந்தைக்குப் போகவேண்டிய சாமான். 230 வோல்ற்றில் சொருகினால் அந்தச் சின்ன ரான்ஸ்போமர் கருகிவிடும். இதைச் சுட்டிக்காட்டியபோது, பிளக்கை மாற்றித் தருகிறோம் என்றார்கள். பிளக்கின் வடிவம் மாறினால் உள்ளே உள்ள சுருள் மாறாது. விளக்கிச் சொல்லியும் அதே பதில். ஓட்டிக் காட்டவும் இடமில்லை. ஒரு வருட உத்தரவாதம் என்றார்கள். மட்டக்களப்பிலிருந்து அதை எப்படிக் கொண்டுவந்து தருவது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பையன் அந்தச் செற்றை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெரியவர் அவனுடைய தோளில் கை வைத்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். அந்த இரண்டு நிமிடமும் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது இடம் ஒரு மாடிப்படி ஏறிப் போகவேண்டியது. பழைய சாமான் வாங்கி விற்பவர். விளம்பரப் பலகைகூட இல்லை; ரேடியோ கடைக்காரருக்குத் தெரிந்த ஒருவர் சொல்லி அனுப்பினார். மேசையோரம் ஆறடி நீளத்துக்குத் தண்டவாளம் ஆணியடித்து வைத்திருந்தார். எஞ்சின் ஒன்றை எடுத்து முதலில் மெதுவாக ஓடவிட்டார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னத் துள்ளல், ஒரு "டிக்" சத்தம். வேகமாக ஓட்டியிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. அவரே எஞ்சினைத் திருப்பி, அச்சில் இருக்கும் பிளாஸ்ரிக் பல்லுச் சக்கரம் பிளந்திருப்பதைக் காட்டினார். பழைய எஞ்சின்களில் இது அடிக்கடி வருவது. பல்லை மாற்றினால் சரி, அதனால் விலை குறைவு என்றார்.

அங்கே வாங்கியது: அந்த எஞ்சின், மாற்றுப் பல்லுச் சக்கரம், வளைக்கக்கூடிய நிக்கல் சில்வர் தண்டவாளம் எட்டு நீளம், இரண்டு பொயின்ற்ஸ். பையன் ஒவ்வொரு நீளத்திலும் காந்தத்தை வைத்துப் பார்த்தான். அவர் சிரிக்காமல் காத்திருந்தார்.

பெரியவர் கண்டுபிடித்த பிழை

திரும்பி வந்து இரண்டு நீளத்தை மேசையில் வைத்ததும் பெரியவர் முகம் சுருங்கியது. "இது எங்கட லைன் இல்ல. ஒடுங்கலாக் கிடக்கு" என்றார். தண்டவாளத்துக்கும் பெட்டிக்கும் உள்ள விகிதம் முப்பது வருடம் பழகிய கண்ணுக்குப் பிடிக்கவில்லை.

அவர் சொன்னது சரி. இலங்கைப் பாதை ஐந்தடி ஆறு அங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். எச்ஓ தண்டவாளம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1435 மில்லிமீற்றர்ப் பாதையைச் சுருக்கியது. எங்கள் பாதையை 87ஆல் பிரித்தால் 19.26 வரும், கையிலிருப்பதோ 16.5. பிரித்தானிய ஹோர்ன்பியின் ஓஓ அளவில், 1:76இல், 22 மில்லிமீற்றர் வரவேண்டும். அதுவும் ஓடுவது இதே 16.5இல்தான், வித்தியாசம் இன்னும் கூட.

அன்றிரவு கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தேன். 1676ஐ 16.5ஆல் பிரித்தால் 101.6. அதாவது எல்லாவற்றையும் 1:100 அளவில் செய்தால் இந்தத் தண்டவாளமே எங்கள் அகலப் பாதைக்குச் சரியாகப் பொருந்தும்; உண்மையில் 26 மில்லிமீற்றர் மட்டும்தான் பிழை, மொடலில் கால் மில்லிமீற்றர். 1:100 என்பது கட்டட வரைபடக்காரர்களின் அளவு. ஒரு மீற்றர் ஒரு சென்ரிமீற்றர். பையன் கல்குலேற்றர் இல்லாமல் அளக்கலாம். வீட்டு மொடல் செய்பவர்களுக்கு விற்கும் ஃபோம் போட், சின்ன மனிதர்கள், மரங்கள் எல்லாம் இந்த அளவில் வரும். அவற்றை நகரத்தில் ஒரு புத்தகக் கடையில் அதற்கு முன்னரே பார்த்திருந்தோம், எங்களுக்குரியவை என்று தெரியாமல்.

முடிவுகளும் காரணங்களும்

மார்க்லின் செற்றை அப்படியே தனி வட்டமாக வைத்துக்கொள்வது, அதோடு புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்று தீர்மானித்தோம். அதன் உதிரிப்பாகம் எல்லாம் ஜேர்மனியிலிருந்து வரவேண்டும். யாராவது தீர்த்தத்துக்கு வரும் வரை காத்திருக்கும் பொழுதுபோக்கு ஒரு 12 வயதுப் பிள்ளைக்குச் சரிவராது.

பாலமும் நிலையமும் இரண்டு தண்டவாள 12 வோல்ற்று முறையில். ரேடியோ கடையில் சீசீரீவி கமெராவுக்கு விற்கும் 12 வோல்ற்று, 2 அம்பியர் அடப்ரர் கிடைக்கும். அதோடு மோட்டர் வேகம் மாற்றும் சின்னச் சர்க்கிற், முன்பின் மாற்ற ஆறு கால் சுவிச் ஒன்று, ஒரு அம்பியர் பியூஸ். எல்லாம் ஒரே கடையில், எது பழுதானாலும் அன்றைக்கே மாற்றலாம். கருகிய எஞ்சினுக்குக் கல்முனை மோட்டர்.

எஞ்சினின் மேற்கூட்டை நாங்களே 1:100இல் செய்வது என்றும் முடிவு. பெரியவருக்கு வேண்டியது கனடா எஞ்சின், 1954இலிருந்து இங்கே ஓடும் எம்2. அது ஜெனரல் மோட்டர்ஸின் ஜி12 வகை. பிரேசிலில் பிராட்டெஸ்கி நிறுவனம் ஜி12ஐ எச்ஓவில் செய்கிறது என்பதை அறிந்து பையன் துள்ளினான். ஆனால் 1:87 கூடு 1:100 நிலையத்தின் பக்கத்தில் ஏழில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். வேண்டாம் என்று சொன்னது பையன்தான், நானல்ல.

பின்னர் நடந்தது

எட்டுக்கு நாலு பிளைவூட் பலகையில் தண்டவாளம் போட்டோம். கார்த்திகை நடுப்பகுதியில் முதல் எஞ்சின் ஒரு சுற்று வந்தது. மார்கழி மழையில் பலகை ஒரு மூலையில் உப்பி, இரண்டு தண்டவாளம் சந்திக்கும் இடம் ஒன்று மேலே எழும்பியது; ஒவ்வொரு சுற்றிலும் அங்கே பெட்டி கவிழ்ந்தது. அது என்னுடைய பிழை. பலகையின் மேல்பக்கத்துக்கு மட்டும் பெயின்ற் அடித்திருந்தேன். ஈரம் அடியால் ஏறியது. தை மாதம் முழுவதும் கழற்றி, இரண்டு பக்கமும் விளிம்பும் பெயின்ற் அடித்து, அடியில் சட்டம் வைத்துத் திரும்பப் போட்டோம். மார்க்லினின் தகரத் தண்டவாளத்தில் அதே மழையில் மூன்று இடத்தில் துருப்புள்ளி. நிக்கல் சில்வரில் ஒரு துணி துடைத்ததோடு சரி.

கல்முனை இளைஞர் இரண்டு தடவை மட்டக்களப்புக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். தன் கடையில் ஒரு அடி நீளத் தண்டவாளம் மேசையில் ஒட்டி வைத்திருக்கிறார் இப்போது. அதில் ஓட்டிப் பார்த்து விற்க அவரிடம் இன்னும் ரயில் இல்லை. இருந்தாலும் ஒட்டி வைத்திருக்கிறார்.

மறுபடி செய்தால்

எஞ்சின் வாங்க முதல் மின்சார முறையைக் கேட்டிருக்கவேண்டும். கடைக்காரரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி "எச்ஓவா" என்பதல்ல; "இரண்டு தண்டவாளமா மூன்றா, நேரோட்டமா ஆடலோட்டமா" என்பது. அதற்குத் தெரியாது என்று சொல்லும் கடையிடமும் வாங்கலாம், ஓட்டிக் காட்டினால். எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லும் கடையிடம் வாங்கியது எங்களுக்கு ஒரு மோட்டரும், பையனுக்கு ஒரு கிழமைத் தூக்கமும் நட்டம்.

அளவுவிகிதத்தையும் கொழும்புக்குப் போக முதலே கணக்குப் போட்டிருக்கவேண்டும். அதிர்ஷ்டவசமாக 16.5 எங்களுக்குப் பொருந்தியது. 'என்' (N) எனப்படும் சிறிய அளவுக்குரிய ஒன்பது மில்லிமீற்றர்த் தண்டவாளம் மலிவாகக் கிடைத்து அதை வாங்கியிருந்தால், ஓட்டமாவடிப் பாலத்தை ஏறக்குறைய இதில் அரைவாசி அளவில் செய்யவேண்டி வந்திருக்கும், பெரியவரின் கண்ணுக்கும் கைக்கும் அது ஏலாது.

பையனிடம் இன்னும் முந்திக் கேட்டிருக்கவேண்டியது ஒன்று உண்டு. எங்கள் எல்லோருக்கும் எஞ்சினும் வேகமும்தான் முக்கியமாகத் தெரிந்தது. அவனுக்குப் பிடித்தது, ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு ரயிலை எப்படி மோதாமல் விடுவது என்பது. ஒற்றைப் பாதையில் போக அனுமதியாக றைவர் கையில் கொடுக்கும் பழைய டேப்லட் வளையத்தைப் பற்றிப் பெரியவர் சொன்னதிலிருந்து அவன் கம்பியில் ஒரு வளையம் செய்து வைத்திருக்கிறான். அது கையில் இல்லாமல் யாரும் சுவிச்சைத் தொடக்கூடாது என்பது அவன் போட்ட சட்டம். இதை முதலிலேயே அறிந்திருந்தால் இரண்டாவது எஞ்சினுக்குப் போன காசில் பாதியைக் கைகாட்டிக் கம்பங்களுக்குப் போட்டிருப்போம்.

பாலத்தின் முதல் இரண்டு பகுதிகள் ஒட்டி முடிந்துவிட்டன. பஸ்ஸை மறிக்கும் கேற் இன்னும் இல்லை. அதைத் தூக்கி இறக்க மெதுவாகச் சுற்றும் ஒரு கியர் மோட்டர் வேண்டும் என்று கல்முனைக்குச் சொல்லியிருக்கிறோம். எவ்வளவு மெதுவாக என்று இளைஞர் கேட்டபோது, பெரியவர் தொலைபேசியை வாங்கி, மூடிய கேற்றுக்கு முன்னால் பஸ் றைவர் இறங்கி வந்து ஒரு பீடி பற்றவைக்க எடுக்கும் நேரத்தைச் சொன்னார்.